ஆடித்தபசு வீடியோ எங்கே போகிறது? சங்கரன்கோவில் காற்றும் சென்னை டேட்டா சென்டர்களின் கரன்ட் பசியும்!

ஆடித்தபசு நாள் மாலை. சங்கரன்கோவில் ரத வீதியில் தலைகளைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. தவமிருந்த கோமதி அம்பாளுக்கு, பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமாக சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் அந்த நொடிக்காகத்தான் அத்தனை கூட்டமும் காத்திருக்கும். காட்சி கிடைத்ததும் சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் வீசி, அடுத்த விளைச்சலுக்கு வேண்டிக்கொள்வார்கள்.

இப்போதெல்லாம் அதே நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. கும்பிடும் கைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான செல்போன்கள் உயர்கின்றன. ஊருக்கு வர முடியாமல் சென்னையில் இருக்கும் மகளுக்கு ஒரு வீடியோ, துபாயில் இருக்கும் தம்பிக்கு ஒரு வீடியோ கால், ஸ்டேட்டஸுக்கு ஒரு போட்டோ. எல்லாம் சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. 'கிளவுட்டில் இருக்கு' என்று நாமும் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம்.

அதே ஆடி மாதத்தில், ஊருக்கு வெளியே தேவர்குளம், ஊத்துமலை, சுரண்டை பக்கமெல்லாம் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அதுதான் உச்சகட்டம்.

ரத வீதியில் எடுத்த வீடியோவுக்கும் ஊத்துமலைக் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்துக்குப் பெயர், டேட்டா சென்டர்.

மேகம் தரையில்தான் இருக்கிறது!

கிளவுட் என்றதும் ஏதோ வானத்தில் மிதக்கும் சமாசாரம் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு கட்டடம். பெரும்பாலும் ஜன்னல்கள் குறைந்த, காவல் நிறைந்த, குடோன் போன்ற கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். ஒவ்வோர் அலமாரியிலும் அடுக்கடுக்காக சர்வர்கள், அதாவது ஓய்வே இல்லாமல் ஓடும் கம்ப்யூட்டர்கள். நீங்கள் அனுப்பும் வீடியோ, பார்க்கும் ரீல்ஸ், பேங்க் பேலன்ஸ், ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ரிசல்ட் எல்லாமே இப்படியொரு அலமாரியைத் தொட்டுவிட்டுத்தான் உங்கள் கைக்கு வருகின்றன.

இந்தியாவில் இத்தகைய கட்டடங்கள் அதிகம் இருக்கும் நகரம் மும்பை. அடுத்த வரிசையில் நிற்கிறது சென்னை. காரணம், கடல். வெளிநாடுகளோடு நம்மை இணைக்கும் இன்டர்நெட் கேபிள்கள் கடலுக்கடியில் வந்து கரையேறும் ஊர்களில் சென்னையும் ஒன்று. 2000-களின் தொடக்கத்திலேயே சிங்கப்பூரிலிருந்து இங்கே கேபிள் வந்துவிட்டது. 2020 ஆகஸ்ட்டில் அந்தமானுக்குப் போன கேபிளும் சென்னையிலிருந்துதான் போனது.

கேபிள் வந்த இடத்துக்குக் கட்டடங்களும் வந்தன. சிறுசேரி சிப்காட்டில் 2022-ல் அதானிகனெக்ஸ் தன் முதல் டேட்டா சென்டரைத் திறந்தது. தொடக்கத் திறன் 17 மெகாவாட், முழுமையடைந்தால் 33 மெகாவாட். 2024 ஜனவரியில் அம்பத்தூரில் டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனம் 20 மெகாவாட்டில் ஒன்றைத் திறந்தது. அந்த வளாகத்தை 100 மெகாவாட் வரை வளர்ப்பது திட்டம். 2025-ல் ஈக்வினிக்ஸும் சிறுசேரிக்கு வந்தது. தமிழக அரசு 2021-லேயே டேட்டா சென்டர்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது.

இதெல்லாம் சென்னை சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சங்கரன்கோவிலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு க்யூ.ஆர் கோடு ஸ்கேன் செய்கிறீர்கள். பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிய வியாபாரி, விவசாயிக்கு செல்போனிலேயே பணம் அனுப்புகிறார். இப்படி நாடு முழுவதும் நடக்கும் யு.பி.ஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை, 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது. பணப் பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. ஆக, அந்தக் கணக்கு அத்தனையும் நம் நாட்டுக் கட்டடங்களில்தான் இருந்தாக வேண்டும்.

தென்காசி மாவட்டத்துக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலி, 2025 செப்டம்பரில் திடீரெனப் பிரபலமானது நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் அது 3,50,000 ஆனது. அவசர அவசரமாகக் கட்டமைப்பைப் பெருக்கிக்கொண்டிருப்பதாக ஸ்ரீதர் வேம்பு அப்போது பதிவிட்டார். 'கட்டமைப்பு' என்று அவர் சொன்னது வேறொன்றுமில்லை. கூடுதல் சர்வர்கள். கூடுதல் சர்வர் என்றால், கூடுதல் கரன்ட்.

ஒரு கட்டடம், 36,000 வீடுகள்

மெகாவாட் என்றால் எவ்வளவு? நமக்குப் பழக்கமான ஈ.பி பில் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

10 மெகாவாட் இழுக்கும் ஒரு டேட்டா சென்டரை எடுத்துக்கொள்வோம். இன்றைய அளவில் அது பெரியதே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 10,000 யூனிட். ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட். ஈ.பி ரீடிங் எடுக்க வரும் இரண்டு மாதத்துக்கு 1 கோடியே 44 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளாகக் கணக்கிட்டால், 36,000 வீடுகளின் கரன்ட் அது. ஒரு முழு நகரத்துக்கான கரன்ட், ஒரே ஒரு கட்டடத்துக்குள் போகிறது!

அதுவும் வீட்டு மின்சாரம் போல ஏறி இறங்குவதில்லை. நாம் இரவு பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். சர்வருக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, தீபாவளியும் இல்லை.

உலகம் முழுக்க உள்ள டேட்டா சென்டர்கள் 2024-ல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் பயன்படுத்தின என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. அதாவது 41,500 கோடி யூனிட். உலகின் மொத்த மின்சாரப் பயன்பாட்டில் சுமார் ஒன்றரை சதவிகிதம். ஏ.ஐ வளரும் வேகத்தில், 2030-ல் இது இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும் என்பது அந்த அமைப்பின் கணிப்பு. நமக்குப் பக்கத்திலேயே விசாகப்பட்டினத்தில், ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் பிரமாண்ட ஏ.ஐ மையம் அமைக்கப்போவதாக 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. அதன் அளவு மெகாவாட்டில் அல்ல, ஜிகாவாட்டில் பேசப்படுகிறது. ஒரு ஜிகாவாட் என்றால் 1,000 மெகாவாட்.

தறிக்கு எவ்வளவு, மின்விசிறிக்கு எவ்வளவு?

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. ஒரு தறிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாந்திர கரன்ட் பில்லில், தறி ஓடியதற்கு எவ்வளவு, கூடத்தின் லைட்டுக்கும் ஃபேனுக்கும் எவ்வளவு என்று முதலாளி பிரித்துப் பார்ப்பார். தறி ஓடினால்தான் சேலை. ஃபேன் ஓடினால் சேலை வராது. ஆனால் ஃபேன் இல்லாமல் ஆள் நிற்க முடியாது.

டேட்டா சென்டரிலும் இதே கணக்குதான். அங்கே சர்வர்தான் தறி. சர்வரைக் குளிர வைக்கும் ஏ.சி, யு.பி.எஸ், லைட் எல்லாம் மேல்செலவு. உள்ளே வரும் மொத்த கரன்ட்டை, சர்வர்களுக்கு மட்டும் போகும் கரன்ட்டால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதற்குப் பெயர் 'பி.யு.இ'. ஒரு டேட்டா சென்டர் சிக்கனமானதா, ஊதாரியா என்று சொல்லும் மதிப்பெண் இது. பள்ளிக்கூட மார்க் போல அல்ல, இதில் குறைந்தால்தான் நல்லது.

பி.யு.இ 2 என்றால், சர்வருக்கு ஒரு யூனிட் கொடுக்க, மேல்செலவுக்கு இன்னொரு யூனிட் போகிறது என்று அர்த்தம். பி.யு.இ 1 என்றால் மேல்செலவே இல்லை. அது நடைமுறையில் சாத்தியமில்லை. அப்டைம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு 2024-ல் நடத்திய சர்வேயில் உலக சராசரி 1.56. கூகுள் தன் சொந்த டேட்டா சென்டர்களுக்குச் சொல்லும் சராசரி 1.09.

இந்தச் சின்ன தசம வித்தியாசம் எவ்வளவு பெரியது? சர்வர்களுக்கு மட்டும் 10 மெகாவாட் தேவைப்படும் இரண்டு மையங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் பி.யு.இ 1.6, இன்னொன்று 1.2. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். ஆனால் முதலாவது 16 மெகாவாட் இழுக்கும், இரண்டாவது 12 மெகாவாட்தான் இழுக்கும். வித்தியாசம் 4 மெகாவாட். நாளொன்றுக்கு 96,000 யூனிட்.

ஒரு 2 மெகாவாட் காற்றாலை வருஷம் முழுக்க ஒரே வேகத்தில் சுற்றாது. காற்றடிக்கும் மாதம், அடிக்காத மாதம் எல்லாம் சேர்த்து, தன் முழுத் திறனில் 28 சதவிகிதம் கொடுக்கிறது என்று வைத்தால், சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 13,400 யூனிட் தரும். ஆக, அந்த 96,000 யூனிட்டை உற்பத்தி செய்ய ஏழு காற்றாலைகள் வேண்டும். ஊத்துமலைக் காட்டில் ஏழு ராட்சதக் காற்றாடிகள் வருஷமெல்லாம் சுற்றிச் சேர்ப்பதை, சென்னையில் ஒரு கட்டடம் அஜாக்கிரதையால் ஊதித் தள்ளிவிட முடியும். அல்லது, ஒழுங்காக நடத்தினால், ஏழு காற்றாலைகளை நடாமலேயே மிச்சப்படுத்தவும் முடியும்.

சூட்டை அடக்கும் வழிகள்

மேல்செலவில் பெரும்பங்கு குளிரூட்டலுக்குத்தான். சர்வருக்குள் போகும் கரன்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அரை மணி நேரம் வீடியோ பார்த்தாலே செல்போன் சுடுகிறதே, அதைப் பல்லாயிரம் மடங்காக்கிப் பாருங்கள். மறுபடி மறுபடி அந்தச் சூட்டை வெளியேற்றியே ஆக வேண்டும். அதைக் குறைந்த செலவில் செய்வதில்தான் இன்றைய பொறியாளர்களின் சாமர்த்தியம் இருக்கிறது.

முதல் வழி ரொம்ப எளிமையானது. குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் கலக்காமல் பார்த்துக்கொள்வது. அலமாரிகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக நிறுத்துவார்கள். ஒரு சந்தில் குளிர்ந்த காற்று மட்டும் வரும், அடுத்த சந்தில் சூடான காற்று மட்டும் வெளியேறும். காலி இடங்களைத் தகடு போட்டு மூடிவிடுவார்கள். ஏ.சி போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் வீட்டில் திட்டு விழும் இல்லையா? அதே சமாசாரம்தான்.

இரண்டாவது, தேவைக்கு மேல் குளிர வைக்காமல் இருப்பது. ஒரு காலத்தில் சர்வர் அறைக்குள் போனால் ஸ்வெட்டர் தேவைப்படும். அந்த அளவுக்குக் குளிர் தேவையே இல்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் போதும் என்று ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மைப் போலவே வெக்கையும் புழுக்கமும் நிறைந்த சிங்கப்பூர், 26 டிகிரி அல்லது அதற்கு மேல் வைத்து டேட்டா சென்டர்களை நடத்துவதற்கென 2023-ல் தனித் தரநிலையே வெளியிட்டது. ஒரு டிகிரி கூட்டினால் குளிரூட்டும் கரன்ட்டில் 2 முதல் 5 சதவிகிதம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. நம் வீட்டு ஏ.சி-க்கள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில் தொடங்கும்படி வருவதும் இதே யோசனைதான்.

மூன்றாவது, வேலையில்லாத சர்வர்களைக் கண்டுபிடிப்பது. யாரும் பயன்படுத்தாமல், ஆனால் அணைக்கப்படாமல், கணிசமான கரன்ட்டை இழுத்துக்கொண்டிருக்கும் சர்வர்கள் இந்தத் துறையின் பழைய வியாதி. பாவு போடாமல் ஓடும் தறி போல! பத்து சர்வர் அரைகுறையாகப் பார்க்கும் வேலையை மூன்று நான்கு சர்வர்களுக்குள் சுருக்கிவிட்டு மற்றவற்றை அணைப்பது இப்போது வழக்கமாகிவருகிறது.

நான்காவது, ஏ.ஐ-யால் வந்த மாற்றம். சாதாரண அலமாரி ஒன்று 5 முதல் 10 கிலோவாட் இழுக்கும். ஏ.ஐ-க்கான நவீன அலமாரி ஒன்று 120 கிலோவாட் வரை இழுக்கிறது. இவ்வளவு சூட்டை வெறும் காற்றால் விரட்ட முடியாது. அதனால் சிப்புக்கு மேலேயே குழாய் போட்டு திரவத்தை ஓடவிடும் முறைக்கு மாறுகிறார்கள். கார் ரேடியேட்டர் வேலை செய்வது போலத்தான் இது. அதேசமயம் ஏ.ஐ-யே உதவிக்கும் வருகிறது. தன் டேட்டா சென்டரில் குளிரூட்டும் இயந்திரங்களை எப்போது, எவ்வளவு ஓட்டுவது என்று ஏ.ஐ-யை முடிவெடுக்கவிட்டதில், குளிரூட்டும் கரன்ட் 40 சதவிகிதம் வரை குறைந்ததாக 2016-ல் கூகுள் அறிவித்தது.

கரன்ட்டை மிச்சம் பிடித்தால்... தண்ணீர்?

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிரூட்டுவதற்குக் கரன்ட்டைக் குறைக்கும் சுலபமான வழி, தண்ணீரை ஆவியாக்குவது. மண்பானையில் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே, அதே தத்துவம். பானையின் வெளிப்புறம் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 0.67 யூனிட் அளவுக்குச் சூட்டை எடுத்துப்போகும். இது இயற்பியல், மாற்ற முடியாது. 10 மெகாவாட் சூட்டை முழுக்க முழுக்க இப்படியே வெளியேற்றினால் ஒரு நாளைக்குச் சுமார் மூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் தினமும் சுமார் 30 லாரி!

2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டு, குடத்தோடு சென்னை தெருவில் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட ஊரில் குடிதண்ணீரை ஆவியாக்கி கரன்ட்டை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. தண்ணீரே வேண்டாம் என்று காற்றாலேயே குளிர வைக்கும் இயந்திரங்களை வைத்தால், தண்ணீர் மிச்சம், ஆனால் கரன்ட் அதிகம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறும்.

இதற்கு ஒரு வழி சென்னையிலேயே இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் தொடங்கப்பட்ட மூன்றாம் நிலை சுத்திகரிப்பு நிலையங்கள், தலா ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் திறனுள்ளவை. குளிரூட்டும் கோபுரத்துக்குக் குடிநீர் தேவையில்லை, இந்தத் தண்ணீர் போதும். எனவே ஒரு டேட்டா சென்டர் 'நாங்கள் பசுமையானவர்கள்' என்று சொன்னால், பி.யு.இ எண்ணோடு சேர்த்து 'எந்தத் தண்ணீர், எவ்வளவு?' என்றும் கேட்க வேண்டும்.

ஆடிக்காற்று மார்கழியில் அடிக்காது

அடுத்த கேள்வி, கரன்ட் எங்கிருந்து வருகிறது என்பது. 'நூறு சதவிகிதம் பசுமை மின்சாரம்' என்று பல டேட்டா சென்டர் நிறுவனங்கள் இலக்கு சொல்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என மலைக் கணவாய்கள் வழியே வரும் காற்றை நம்பி இங்கே நிறுவப்பட்ட காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

பெரிய நிறுவனங்கள் இதில் பங்கெடுக்க ஒரு சட்ட வழியும் உண்டு. 2005-ம் ஆண்டு மின்சார விதிகளின்படி, ஒரு மின்நிலையத்தில் குறைந்தது 26 சதவிகிதப் பங்கை வைத்துக்கொண்டு, அதன் உற்பத்தியில் குறைந்தது 51 சதவிகிதத்தைத் தாங்களே பயன்படுத்தினால், அது அவர்களின் 'சொந்தப் பயன்பாட்டு' மின்நிலையம். தமிழ்நாட்டின் நூற்பாலைகள் பல ஆண்டுகளாக இப்படித்தான் காற்றாலை வைத்திருக்கின்றன.

ஆனால் ஊத்துமலைக் காற்றாலையிலிருந்து சிறுசேரிக் கட்டடத்துக்கு என்று தனி ஒயர் கிடையாது. இங்கே உற்பத்தியாகும் கரன்ட், கயத்தாறு போன்ற பெரிய துணை மின்நிலையங்கள் வழியாகப் பொது மின்தொகுப்பில் கலக்கிறது. அனல், அணு, சூரியசக்தி என எல்லாம் கலந்த அந்தக் குளத்திலிருந்துதான், சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி சென்னை எடுத்துக்கொள்கிறது. 'நான் ஊற்றிய குடமும், எடுத்த குடமும் சரி' என்று வருஷக் கடைசியில் கணக்குக் காட்டுவதுதான் பெரும்பாலான பசுமைக் கணக்கு.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். உண்மைதான். மே தொடங்கி செப்டம்பர் வரை காற்றாலைகள் அள்ளிக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இறக்கைகள் ஆடாமல் நிற்கும். சூரியசக்தி பகலில் கைகொடுக்கும், இரவில் இல்லை. டேட்டா சென்டருக்கோ மார்கழி மாத இரவு இரண்டு மணிக்கும் அதே 10 மெகாவாட் வேண்டும். அந்த நேரத்தில் பெரும்பாலும் நிலக்கரிதான் எரிகிறது.

அதனால்தான் கூகுள் போன்ற நிறுவனங்கள், வருஷக் கணக்கை விட்டுவிட்டு, 2030-க்குள் ஒவ்வொரு மணி நேரமும் கார்பன் இல்லாத மின்சாரம் என்ற கடினமான இலக்கை வைத்திருக்கின்றன. அதற்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்க வேண்டும். பேட்டரி ஒரு வழி. மிஞ்சும் கரன்ட்டில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது இன்னொரு வழி. ஆனைமலைப் பகுதியின் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனில் இது ஏற்கெனவே இருக்கிறது. நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் கட்டப்பட்டுவருகிறது.

இன்னொரு நல்ல வாய்ப்பு, நம் பழைய காற்றாலைகள். காற்று நன்றாக அடிக்கும் இடங்களை முப்பது வருஷத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டவை, அன்றைய சின்னச் சின்ன காற்றாலைகள். அவற்றை எடுத்துவிட்டு, உயரமான, திறன் மிகுந்த புதியவற்றை நிறுவ 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதே மண்ணில், அதே காற்றில், பல மடங்கு மின்சாரம் எடுக்கலாம்.

2012 நினைவிருக்கிறதா?

'யாரோ கட்டுகிறார்கள், யாரோ பில் கட்டுகிறார்கள், நமக்கென்ன?' என்று கேட்கலாம். அதற்குப் பதில் சங்கரன்கோவில்காரர்களுக்கே தெரியும்.

2012 மார்ச்சில் சங்கரன்கோவில் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தபோது, ஊரெங்கும் பேச்சு மின்வெட்டுதான். சென்னையில் இரண்டு மணி நேரம் கரன்ட் போனால், மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு நேரம் போனது. தறி ஓடாத மணி நேரத்துக்குக் கூலி இல்லை. பம்ப்செட் ஓடாத நாளுக்குப் பயிர் காத்திருக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள்.

அந்த நிலை மாறி வருஷங்களாகிவிட்டன. ஆனால் தேவை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சபட்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கரன்ட் பற்றாக்குறை வரும்போது, இரண்டு வழித்தடத்தில் இணைப்பும், பேட்டரியும், டீசல் ஜெனரேட்டரும் வைத்திருக்கும் டேட்டா சென்டர் அணைவதில்லை. அணைவது தறிதான். ஆகவே மின்தொகுப்பில் புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு பெரிய வாடிக்கையாளரும் எவ்வளவு சிக்கனமாக இருக்கிறார் என்பது, வரிசையில் கடைசியில் நிற்பவரின் பிரச்னை.

அயர்லாந்து இதைக் கண்கூடாகப் பார்த்தது. 2023-ல் அந்த நாட்டில் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 சதவிகிதத்தை டேட்டா சென்டர்களே எடுத்துக்கொண்டன. நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து பயன்படுத்தியதைவிட அது அதிகம். சிங்கப்பூர் 2019-ல் புதிய டேட்டா சென்டர்களுக்கு அனுமதியையே நிறுத்தி வைத்து, 2022-ல் கடுமையான சிக்கன நிபந்தனைகளோடுதான் மறுபடி கதவைத் திறந்தது. ஜெர்மனியில் 2026 ஜூலைக்குப் பிறகு தொடங்கும் மையங்களின் பி.யு.இ 1.2-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியம், 500 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மையங்கள் எவ்வளவு கரன்ட், எவ்வளவு தண்ணீர் என்று கணக்குக் கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் தேவைப்படுவது இதுதான். டேட்டா சென்டரே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவை வேலையும் முதலீடும் கொண்டுவருகின்றன, நம் பணமும் படிப்பும் அவற்றில்தான் ஓடுகின்றன. ஆனால் நிலமும் மின்சாரமும் சலுகையும் கொடுக்கும் மக்களுக்கு, 'உங்கள் பி.யு.இ எவ்வளவு, எந்தத் தண்ணீர், மார்கழி இரவில் எந்த கரன்ட்?' என்ற மூன்று கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

2025 கோடை வறட்சியில், பழைய ஈமெயில்களையும் போட்டோக்களையும் அழித்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று இங்கிலாந்து அரசுத் தரப்பு மக்களுக்கு அறிவுரை சொல்லி, கேலிக்கு ஆளானது. காரணம், சும்மா சேமித்து வைத்த ஈமெயிலுக்கு ஆகும் கரன்ட் சொற்பம். ஜெமினியிடம் கேட்கும் ஒரு சராசரி கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரம் ஆகிறது என்கிறது கூகுளின் 2025 அறிக்கை. அதாவது, நாலாயிரம் கேள்வி கேட்டால்தான் ஒரு யூனிட். எனவே குற்றவுணர்ச்சி தேவையில்லை. கொஞ்சம் நிதானம் போதும்.

* செல்போனைச் சீக்கிரம் மாற்றாதீர்கள். ஒரு போன் தன் ஆயுளில் ஏற்படுத்தும் கார்பனில் பெரும்பங்கு, அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. இன்னும் இரண்டு வருஷம் வைத்திருப்பது ஆயிரம் ஈமெயிலை அழிப்பதைவிட மேல்.

* சின்னத் திரையில் 4கே வேண்டாம். செல்போனில் 480 அல்லது 720-ல் பார்த்தாலே தெளிவாகத் தெரியும். டேட்டாவும் மிச்சம், பேட்டரியும் மிச்சம்.

* ஆட்டோ பிளேயை அணையுங்கள். பாட்டி தூங்கிய பிறகும் பக்திப் பாட்டு வீடியோ விடிய விடிய ஓட வேண்டியதில்லை. பாட்டு மட்டும் போதுமென்றால் ஆடியோவில் கேட்கலாம்.

* வீட்டு ஏ.சி-யை 24-க்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவிகிதம் கரன்ட் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சேமிப்பு இதுதான்.

* கேள்வி கேளுங்கள். உங்கள் அலுவலகமோ, கல்லூரியோ, சங்கமோ சர்வர் அல்லது கிளவுட் சேவை வாங்கும்போது, 'பி.யு.இ எவ்வளவு?' என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கேட்பவர்கள் கூடினால் பதிலும் வரும்.

அடுத்த ஆடியிலும் ரத வீதி நிறையும். அம்பாளுக்குக் காட்சி கிடைக்கும் நொடியில் செல்போன்களும் உயரும். தாராளமாக எடுங்கள், ஊருக்கு வர முடியாதவர்களுக்கு அனுப்புங்கள். அந்த வீடியோ தங்கும் கட்டடம், வெளியே சுற்றும் காற்றாலையின் ஒவ்வொரு யூனிட்டையும் வீணாக்காமல் வைத்துக்கொள்ளட்டும். மீதமாவது, இங்கேயே ஒரு தறியை ஓட்டும்.